கற்சிலைமடுவும் களத்துத் தோல்வியும்

மாங்குளத்திலே பேருந்து மாறி, முல்லைத்தீவு வீதியிற் கிழக்கு நோக்கிச் சென்றோம். இருமருங்கும் பாலையும் முதிரையும் செறிந்த காடு. இடையிடையே குளமும் வயலும். கரிப்பட்டமுறிப்பைக் கடக்கையில், உடன்வந்த மாணவர், "இந்துகாதேவியின் ஊர் இதுதான், ஐயா" என்றார். 2022ஆம் ஆண்டு சனவரியில் லாகூரிலே, கையாற் குத்தியும் காலால் உதைத்தும் பொரும் போட்டியில் கணேஷ் இந்துகாதேவி தங்கம் வென்றதை நேயர்கள் மறந்திரார். "குத்துச்சண்டையையே தொழிலாகக் கொண்டாலென்ன?" என்று மாணவர் வினவினார். அத்தொழிலின் மறுபக்கத்தை எடுத்துரைத்தோம்.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்தவர் பீற்றர் பக்கிலி. 1989 முதல் 2008 வரை அவர் பொருதவை 300 போட்டிகள். வென்றவை 32, சமநிலை 12, தோற்றவை 256. வளர்ந்துவரும் வீரனுக்கு வெற்றிக் கணக்கு வேண்டும். அவன் பெயராலேதான் நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகும். அவனை எதிர்க்க, குறுகிய அறிவித்தலில் வரக்கூடிய கூலிவீரர் ஒருவர் தேவை. வீழ்த்தப்பட்டாற் சில வாரம் களமிறங்கத் தடை, வருவாயும் நிற்கும். ஆகவே அடிபடாமல் தற்காத்து, புள்ளிகளில் தோற்று, அடுத்த ஊர் செல்வதே அவர் பிழைப்பு. பக்கிலி தம் இறுதிப் போட்டியில் வென்று ஓய்வுபெற்றார். இதனை இழிதொழில் எனக் கூறோம். வயிற்றுக்காகச் செய்த உழைப்பு அது.

இழிவு வேறிடத்தில் உள்ளது. 1947இல் நியூயோர்க்கிலே ஜேக் லமோற்றா, சூதாட்டக் கும்பலின் சொற்கேட்டு, பில்லி பொக்சிடம் வேண்டுமென்றே தோற்றார். உலகப் பட்டப் போட்டியில் இடம்பெறவே அவ்வாறு செய்ததாக 1960இல் அமெரிக்கச் செனற் குழுமுன் அவரே ஒப்புக்கொண்டார். 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்புகளிலே சூழ்ச்சி நடந்ததாக 2021இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அவ்விளையாட்டை ஆண்ட உலகச் சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023இல் நீக்கியது.

மாலையில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை வழிபட்டு, அயலிலுள்ள கற்சிலைமடுவை அடைந்தோம். 1803ஆம் ஆண்டு ஒற்றோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேக் இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்திற் பொறித்த கல் நாட்டப்பெற்ற இடம் அது. வென்றவன் புகழுக்காக எழுந்த கல். மக்கள் நெஞ்சில் நிலைத்ததோ தோற்றவன் பெயர். அவன் தன் தோல்வியை எவருக்கும் விலைகூறவில்லை.

"பயிற்சியைக் கைவிடாதீர், கல்வியையும் கைவிடாதீர்" என்றோம் மாணவரிடம். "எவரேனும் ஒப்பந்தத் தாளை நீட்டினால், உமக்கு எதிராளியைத் தெரிவுசெய்பவர் யார், காயமுற்றாற் செலவை ஏற்பவர் யார், தீர்ப்புக் கூறுபவர் யாருடைய ஆள் என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பம் இடுக. தோற்பதில் வெட்கமில்லை, தோற்பதற்கென்று பணம் வாங்குவதிலேதான் உண்டு."

மாணவர் விடை கூறவில்லை. முல்லைத்தீவை அடையும்வரை அவர் சிந்தனையில் ஆழ்ந்திருந்தார்.