ஒரு கோப்பையும் ஒரு கேள்வியும்

ஆசிரியர் ஒருவர் மதுவைப் பற்றி எழுதலாமா? அதுவும் ஒரு தலைமையாசிரியர் எழுதலாமா? இக்கேள்வியை என்னையே பலமுறை கேட்டுக்கொண்ட பின்னரே எழுத அமர்ந்தேன். குடியின் கேட்டை எடுத்துரைக்கும் கட்டுரைகள் நம்மிடையே நிறைய உண்டு. அவை வேண்டியவையே. ஆனால் சனிக்கிழமை இரவு உணவோடு ஒரு கோப்பை சிவப்பு ஒயின் அருந்தும் ஆசிரியன் ஒருவன், அதை மறைக்காமல் எழுதிய கட்டுரையை நான் படித்ததில்லை. அந்த ஒருவன் நான்தான். என்னை எழுத வைத்தவன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவனைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

நான் பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போவார். மாலையில் கால்கள் தாமாகவே கள்ளுக்கடைப் பக்கம் திரும்பும். சம்பள நாளில் என் தாயார் என்னை அங்கே அனுப்புவார். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பார். "பணத்தை வாங்கிக்கொண்டு வா" என்பதே அதன் பொருள். வாசலில் நின்று காத்திருப்பேன். கள்ளின் புளித்த வாடையும், கருவாட்டின் வாடையும், ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசும் குரல்களும் இன்றும் என் நினைவில் உள்ளன. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 1989-ஆம் ஆண்டு, கல்லீரல் நோயால் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்று நான் அவரைவிட மூத்தவன்.

என் தந்தையார் கள்ளைத் தேர்ந்தெடுத்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோட்டத்திலேயே கடை இருந்தது. உழைப்பின் வலி இருந்தது. வேறு போக்கிடம் இல்லை. இதை உணர்ந்தவர்கள் நம் முன்னோரிலும் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளைகளுக்குக் கல்வி வசதி வேண்டும் என்ற கோரிக்கையோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையையும் முன்வைத்தார்கள். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை, கள்ளை எதிர்ப்பதையே தன் முதற்பணிகளில் ஒன்றாகக் கொண்டிருந்தது. அந்த மண்ணில் வளர்ந்த நான், ஐம்பது வயது வரை எந்த மதுவையும் தொட்டதில்லை.

2018-ஆம் ஆண்டு ஜூன் மாத விடுமுறையில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வாழும் என் மகளின் வீட்டுக்கு நானும் என் துணைவியாரும் சென்றோம். மருமகன் ஒருநாள் எங்களைப் பரோசா பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார். அங்கே குளிர்காலம். இலை உதிர்ந்த திராட்சைக் கொடிகள், முதியவர்களின் கைகளைப் போல முறுக்கேறி, வரிசை வரிசையாக நின்றன. 1832-இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து திராட்சைக் கொடித் துண்டுகளைச் சிட்னிக்கு அனுப்பிவைத்தார். பத்தாண்டு கழிந்து, சமயக் காரணங்களுக்காகத் தாய்மண்ணை விட்டு வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் பரோசாவில் குடியேறின. 1843-இல் நடப்பட்டதாகக் கருதப்படும் ஷிராஸ் கொடிகள் அங்கு இன்றும் காய்க்கின்றன. கடல் கடந்து வந்து மண்ணைத் திருத்தியவர்களின் வரலாறு என்பதால், அது எனக்கு அயல் வரலாறாகத் தோன்றவில்லை. ஆனால் அவர்கள் நட்டது அவர்களுக்கே சொந்தமாயிற்று. நாம் வெட்டிய பால் நமக்குச் சொந்தமாகவில்லை.

ஒரு மதுக்கூடத்தில் முதிய பெண்மணி ஒருவர் எங்களை வரவேற்றார். ஒருவிரல் உயரத்துக்கே கோப்பையில் ஊற்றினார். "மாமா, விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்" என்றார் மருமகன். நான் தயங்கினேன். அப்போது என் கண்ணில் பட்டது மேசைமேல் இருந்த ஓர் உலோகக் குடுவை. வந்திருந்தோர் சிலர் மதுவை முகர்ந்து, வாயில் சிறிது நேரம் வைத்திருந்து, அக்குடுவையில் துப்பிவிட்டார்கள்! "சுவையை அறிய விழுங்க வேண்டியதில்லை" என்று அந்தப் பெண்மணி விளக்கினார். கள்ளுக்கடை வாசலில் எத்தனையோ மாலைகள் நின்றவன் நான். கிடைத்த மதுவைக் கீழே விட்டவர் ஒருவரையும் அங்கே கண்டதில்லை. அந்தக் குடுவையே என் தயக்கத்தைப் போக்கியது. முகர்ந்தேன், சுவைத்தேன், துப்பினேன். இரண்டாவதை விழுங்கினேன்.

முதலில் தெரிந்தது துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணிப் பாக்கையும் வாழைப்பூவையும் உண்டு பழகிய நமக்கு அது புதியதன்று. சிவப்புத் திராட்சையாயினும் பெரும்பாலான வகைகளின் சாறு நிறமற்றது. தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால்தான் சிவப்பு நிறம் இறங்குகிறது. தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருளே துவர்ப்பைத் தருகிறது. நொதியம் பழத்தின் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. துவர்ப்பு, புளிப்பு, பழமணம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடக்காமல் நின்றால் அது நல்ல மது. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. அவசரப்படாத நாக்கு போதும்.

ஊர் திரும்பிய பின் சிறிது சிறிதாகத் தேர்ந்தெடுக்கக் கற்றேன். போத்தலின் ஒட்டுத்தாளை ஒரு பாடப்பகுதியைப் போலப் படிக்கலாம். திராட்சையின் வகை, விளைந்த ஊர், அறுவடை ஆண்டு, சாராயச் சத்தின் விழுக்காடு ஆகிய நான்கும் அதில் இருக்கும். ஆஸ்திரேலியப் போத்தல்களில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் முன்னால் நிற்கும். பிரெஞ்சுப் போத்தல்களிலோ பெரும்பாலும் ஊரின் பெயர்தான் நிற்கும். அவ்வூரில் என்ன விளையும் என்பதை வாங்குபவர்தாம் அறிந்திருக்க வேண்டும். பூர்காண்டி என்றால் சிவப்பில் அது பினோ நுவார். போர்டோ என்றால் கேபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ முதலியவற்றின் கலவை. பினோ நுவார் மென்மையானது. கேபர்னே துவர்ப்பு மிக்கது. பரோசாவின் ஷிராஸ் நிறமும் வலிமையும் நிறைந்தது.

நம் உணவுக்கு எது பொருந்தும்? துவர்ப்பும் சாராயச் சத்தும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். முதன்முறை காரமான மீன்குழம்போடு வலிமையான ஷிராஸ் அருந்தி, நாக்கும் தொண்டையும் எரிய நான் தண்ணீர் தேடியது இப்போதும் நினைவில் இருக்கிறது. காரம் குறைந்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு அதே மது இணங்கிப் போயிற்று. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கின்றன. காரம் வேண்டும் என்றால் பினோ நுவார் போன்ற மெல்லிய மதுவே நல்லது. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்திலேயே அருந்த வேண்டும் என்பர். அவர்கள் சொல்லும் அறை, ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. பதினாறு முதல் பதினெட்டு பாகை வரையே அதற்கு ஏற்றது. முப்பது பாகை கொதிக்கும் நம் நாட்டில், அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பதே முறை.

விலையை நம்பலாமா? 1976-ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. ஒட்டுத்தாள் தெரியாதவாறு பிரெஞ்சு மதுக்களையும் கலிபோர்னிய மதுக்களையும் கலந்து வைத்து, பிரெஞ்சு வல்லுநர்களைச் சுவைத்துப் புள்ளியிடச் செய்தார்கள். புகழ்பெற்ற போர்டோ மதுக்களை விஞ்சி, 1973-ஆம் ஆண்டு அறுவடையில் உருவான ஒரு கலிபோர்னியச் சிவப்பு மது முதலிடம் பெற்றது. தேர்வுத் தாளில் பெயருக்கு மாறாக எண்ணை எழுதச் சொல்கிறோமே, அதன் நியாயம் இதுதான். பெயரைப் பார்த்துவிட்டால் நடுநிலை தளரும். ஆகவே நான் எளிய விலையிலேயே வாங்குகிறேன். பிடித்ததன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.

ஆனால், இவ்வளவு பேசும் நான், அந்தப் போத்தலை வாங்க அடுத்த ஊருக்குப் போவேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் எவரும் பார்த்துவிடக்கூடாதே என்ற அச்சம்! செய்தித்தாளில் சுற்றி வண்டியின் பின்புறம் வைப்பேன். என் தந்தையார் எல்லாரும் காணக் குடித்தார். நான் ஒளித்துக் குடித்தேன். இந்த ஓர் இடத்தில் அவர் என்னைவிட நேர்மையானவர்.

என் மனத்துக்குத் துணையாக இலக்கியத்தைத் தேடியதும் உண்டு. யவனர் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகுவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். 1945-இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடி மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. எனினும் அதே தமிழில்தான் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. மருத்துவமும் வள்ளுவர் பக்கமே நிற்கிறது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நானும் சில காலம் நம்பினேன். மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே வகைப்படுத்திவிட்டது. தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்தது. சிறிய கோப்பை என்றும் ஏமாறக்கூடாது. 150 மில்லி லிட்டர் ஷிராஸில் உள்ள சாராயச் சத்து, ஒரு டின் பீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே, நலத்துக்காக அருந்துகிறேன் என்று நான் சொல்வதில்லை. சுவைக்காக அருந்துகிறேன், அதற்கு ஒரு விலை உண்டு என்று அறிந்தே அருந்துகிறேன்.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்ததால், ஆறாம் ஆண்டு நன்னெறி வகுப்புக்கு நான் சென்றேன். மதுவின் தீமையைப் பற்றிப் பேசி முடித்ததும், கடைசி வரிசையில் இருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"ஐயா, நீங்கள் குடிப்பீர்களா?"

"இல்லை" என்றேன்.

"எங்கள் அப்பாவும் இல்லை என்றுதான் சொல்வார், ஐயா."

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கள்ளுக்கடை வாசலில் நின்ற சிறுவனாக நானே எழுந்து என்னைக் கேட்டதாகத் தோன்றியது.

மறுவாரம் அதே வகுப்புக்குச் சென்றேன். "சென்ற வாரம் நான் சொன்ன விடை தவறு" என்றேன். சனிக்கிழமை உணவோடு ஒரு கோப்பை அருந்துவதைச் சொன்னேன். அது உடலுக்கு நல்லதன்று என்பதையும், இருபத்தொரு வயதுக்கு முன் மது வாங்குவதைச் சட்டம் அனுமதிக்காது என்பதையும், அந்த வயது வந்த பின்னும் தொடங்காமலே இருப்பதுதான் மேல் என்பதையும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் மட்டும் கேட்டான்:

"ஒரு கோப்பைக்குப் பிறகு என்ன செய்வீர்கள், ஐயா?"

"போத்தலை மூடி வைத்துவிடுவேன்."

"மூட முடியுமா, ஐயா?"

அவன் கண்களில் இருந்தது வியப்பு. திறந்த போத்தல் மூடப்படுவதை அவன் பார்த்ததே இல்லை! அவனுக்கு நான் என்ன விடை சொல்வேன்? "முடிகிறது, தம்பி. முடியாத நாள் வந்தால் வாங்கமாட்டேன்" என்றேன். வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே அழைத்துப் பேசினேன். அன்றிலிருந்து பள்ளி ஆலோசகரும் நானும் அவன் வீட்டோடு தொடர்பில் இருக்கிறோம். அதற்குமேல் அவனைப் பற்றி எழுதுவது முறையன்று.

போத்தல் ஒன்றில் 750 மில்லி லிட்டர், ஐந்து கோப்பை. நானும் என் துணைவியாரும் ஆளுக்கு ஒன்று அருந்தியபின் திருகுமூடியை இறுக்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். நான்கைந்து நாளில் அதன் மணம் கெட்டுவிடும். மறு சனிக்கிழமை எடுத்துப் பார்ப்பேன், புளித்திருந்தால் கொட்டிவிடுவேன். வாங்கிய பொருளைக் கொட்டுவது வீண் என்று சிலர் எண்ணலாம். பரோசாவில் கண்ட அந்த உலோகக் குடுவையை நினைத்துக்கொண்டே கொட்டுகிறேன். கொட்டும்போது என் கை தயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை தயங்கவில்லை. ஆனால் நான் அவருடைய மகன். ஆகவே ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.