புத்தகம் நன்று, கணக்குதான் உறுத்துகிறது

இருபது முகப் பகடை உருண்டு ஆறில் நிற்கிறது. வீரன் ஓங்கிய வாள் குறி தப்பிவிட்டது. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 விதிகளில் அவன் முறை அத்தோடு சரி. மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை அவனை ஆடுகிறவர் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2024 விதிகளில், அது இருகை வாளாக இருந்தால், அடி தவறினாலும் வீரனின் பலத்துக்கேற்பச் சில புள்ளிகள் எதிரிக்குச் சேதம் உண்டு. சின்ன மாற்றம்தான். ஆனால் அரைமணி நேரம் காத்திருந்து ஒன்றுமில்லாமல் போன அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட திருத்தங்கள் புதிய ஆட்டக்காரர் கையேட்டின் 384 பக்கங்களில் நிறையவே உண்டு. காயம் ஆற்றும் மந்திரத்துக்கு முன்பு எட்டுமுகப் பகடை ஒன்று, இப்போது இரண்டு. மருந்துக் குப்பியைக் குடிப்பதற்காக வாள் வீச்சைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. இது பல குழுக்கள் தாங்களாகவே முன்பிருந்து வைத்துக்கொண்ட வழக்கம்தான். இப்போது அச்சில் ஏறியிருக்கிறது. விலையும் ஏறவில்லை என்றே சொல்லலாம்: அமெரிக்காவில் 2014-இல் 49.95 டாலர், 2024-இல் 49.99.

பிறகு ஏன் பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்தக் கசப்பு?

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட நாளிலிருந்தே இந்த ஆட்டம் வியாபாரிக்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. ஒருவர் புத்தகம் வாங்கினால் ஐந்து பேர் ஆடலாம்; அதையே வைத்து இருபது வருடமும் ஓட்டலாம். கதையை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர் குகையையும் பூதத்தையும் கைச்சரக்காகவே இறக்கிவிடுவார். 1999 முதல் உரிமையாளராக இருக்கும் ஹாஸ்ப்ரோவுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? 2022 டிசம்பரில் முதலீட்டாளர்கள் முன் பேசிய நிர்வாகிகள், இந்தப் பெயரிலிருந்து வரவேண்டிய வருமானம் வரவில்லை என்றார்கள். ஆடுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரான டன்ஜியன் மாஸ்டர்தான் அதிகம் செலவழிக்கிறார். மற்றவர்களையும் செலவழிக்க வைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அடுத்த மாதமே விவகாரம் வெடித்தது. 2000-இல் மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமத்தை நம்பித்தான் எத்தனையோ சிறு பதிப்பகங்கள் இந்த விதிகளின் மேல் தங்கள் சாகசங்களை எழுதி விற்றுவந்தன. அதை ரத்துசெய்து, ஆண்டு வருவாய் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால் மிகுதியில் 25 சதவீதம் வரை பங்கு கேட்கும் வரைவு ஒன்று 2023 ஜனவரியில் கசிந்தது. பதிப்பகங்களின் வயிற்றில் புளி கரைந்தது. ஆட்டக்காரர்கள் கூட்டமாக, இந்த ஆட்டத்தின் இணையதளமான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவை ரத்துசெய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் இறங்கிவந்து, அடிப்படை விதிகளைத் திரும்பப் பெறவே முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்தது. அடிபட்ட பிறகுதான் வந்தது என்றாலும், நியாயமாகப் பார்த்தால் இது பழைய உரிமத்தைவிடத் தாராளமானது.

ஆனால் குணம் மாறிவிடவில்லை. ஹாஸ்ப்ரோ 2022-இல் 14 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய அதே டி அண்ட் டி பியாண்ட் தளத்தில், வேண்டிய ஓர் அசுரனை மட்டும் சில்லறையாக வாங்கும் வசதி 2024-இல் எடுக்கப்பட்டது. வாங்கிய புத்தகத்தை அங்கே நண்பர்களோடு பகிர மாதச் சந்தா வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில், பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களைப் புதியவற்றால் மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. காசு கொடுத்து வாங்கிய விதி, ஆட்டத்தின் நடுவில், கேட்காமலேயே மாறும்! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதுவும் வாபஸ். அலமாரியில் இருக்கும் 2014 புத்தகத்துக்கு இப்படி ஒரு ஆபத்து வராது.

புதிதாக ஆட நினைப்பவர்கள் முதலில் அந்த இலவச அடிப்படை விதிகளை இறக்கிக்கொள்ளுங்கள். 2024 விதிகளுக்கான தொகுப்பும் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டது. நாலு பேர் கூடி ஆடிப் பார்த்துப் பிடித்திருந்தால் அச்சுக் கையேட்டை வாங்கலாம், காசுக்கு மோசமில்லை. சந்தாவுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.