அடுப்பைப் பார்த்தது யார்?

சிறுகதை எழுதப் பழகிய நாட்களில் ஹெமிங்வேயின் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும், மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம் என்று 1958இல் வெளியான நேர்காணலில் அவர் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் என் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குக்கர் விசிலோ மாமியாரின் மாத்திரை நேரமோதான் முடிவு செய்தன.

டோனி மாரிசன் முதல் நாவலை எழுதிய காலத்தில் பதிப்பகத்தில் வேலை பார்த்தார். இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தார். பிள்ளைகள் எழுவதற்குள், விடியுமுன் எழுதப் பழகியதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபின் ஹெமிங்வேயின் யோசனையை எனக்கேற்ப மாற்றிக்கொண்டேன். எழுந்து போகுமுன் அடுத்த வாக்கியத்தில் பாதியைப் பால்கணக்கு நோட்டில் குறித்துவிடுவேன். பாத்திரம் துலக்கும்போது மீதி மனசுக்குள் ஓடும். என் முதல் கதை அப்படித்தான் முடிந்தது.

பெண் புனைவு எழுதப் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இலேயே எழுதினார். அதையும் கதைக்கலையின் பாடமாகவே படிக்க வேண்டும். எழுதக் கற்றுத்தருகிறவர் யாரானாலும், அவர் எழுதிய நேரத்தில் வீட்டில் அடுப்பைப் பார்த்தது யார் என்றும் கேளுங்கள். உரையாடல் எழுதக் கற்பதோடு, வீட்டில் ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கவும் நாம் கற்கத்தான் வேண்டும்.