பாதயாத்திரைப் பையும் பெரியம்மாவின் பாக்குவெட்டியும்

ஆண்டு மலருக்கு முன்னாள் மாணவியரும் எழுத வேண்டும் என்று தலைமைச் சகோதரி கேட்டபோது, எனக்கு எழுதத் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். கவிதை வராது. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை செய்கிறேன். காலை முதல் மாலை வரை வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் என் கையில். ஆகவே கருவிகளைப் பற்றியே எழுதிவிடுகிறேன். தொழிற்சாலைக் கருவிகளை அல்ல. வேளாங்கண்ணிக்கு நடந்து போகையில் பையில் வைத்துக்கொள்ளும் கத்தி, கத்தரிக்கோல், ஊசி, விளக்கு இவற்றைப் பற்றி. இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிரிக்கும் தங்கையர், அந்தப் பையைப் பதினைந்து நாள் சுமந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் அன்னையின் திருவிழா என்பது நீங்கள் அறிந்ததே. பெங்களூரிலிருந்தும் நம் பக்கத்து ஊர்களிலிருந்தும் காவி உடுத்திய கூட்டம் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சை, நாகப்பட்டினம் என்று 400 கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 40,000 அடி எடுத்து வைக்க வேண்டும். பையில் ஒரு பொருளைக் கூடுதலாக வைத்தால் அதையும் 40,000 முறை தூக்கி வைக்கிறோம். (நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடந்தபோது ஏறத்தாழ 240 கிலோமீட்டரைப் பதினைந்து நாளில் கடந்தார். நாளுக்கு 16 கிலோமீட்டர். நாங்கள் அவசரக்காரர்கள்.)

நான் முதன்முதலாக நடந்தது 2022-இல். என் தம்பி கடுங்காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வைத்த நேர்ச்சை அது. நான் துணைக்குப் போனேன். பங்கிலிருந்து எட்டுப் பெண்கள், ஆண்கள் தனியாக ஒரு குழு. சமையல் பாத்திரமும் பாயும் வேனில் வரும். இருந்தும் என் பை, தண்ணீர் நீங்கலாக, 9 கிலோ 400 கிராம் இருந்தது. அதில் என் பெருமைக்குரிய பொருள் ஒன்று: கத்தி, ரம்பம், திருப்புளி, பிளேயர் எனப் பன்னிரண்டு வேலை செய்யும் மடக்குக் கருவி. என் முதல் போனஸில் வாங்கியது. தவிர, தையற்காரர் வைத்திருப்பது போன்ற பெரிய கத்தரிக்கோல், தகர டப்பாவில் நூற்கண்டுகள், மூன்று பேட்டரி போடும் டார்ச் விளக்கு.

சூளகிரி தாண்டுமுன்பே தோள் கன்றிவிட்டது. இரண்டாம் நாள் இரவு கிருஷ்ணகிரியில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, வேண்டாதவற்றைத் துணியில் மூட்டை கட்டினேன். பஸ்ஸில் ஓசூர் திரும்பும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடு. கைப்பேசியில் வெளிச்சம் உண்டே என்று டார்ச் போயிற்று. கத்தரிக்கோலும் நூல் டப்பாவும் போயின. பன்னிரண்டு வேலைக் கருவியை மட்டும் விடவில்லை. ஆசை! "நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன், நீ தூங்கு கண்ணு" என்று அம்மா மூட்டையை வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் பறவைபோல் நடந்தேன். பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, "இன்னும் வரலையா?" என்று கேலிகூடச் செய்தேன்.

ஆறாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த இறக்கத்தில் லாரிகள் வரும் வேகத்தை, பஸ்ஸில் போகிறவர்கள் அறியமாட்டார்கள். பெரியம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. என் கைப்பேசியில் உயிரில்லை. முந்தின இரவு தங்கிய இடத்தில் நாற்பது பேருக்கு ஒரே மின்சாரப் பிளக்கு. இருட்டில் நான் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா தம் பையைத் திறந்தார். டார்ச் வந்தது. கத்தரிக்கோல் வந்தது. நூல் டப்பா வந்தது. எல்லாம் நான் மூட்டை கட்டியவை.

"வழியில வேணும்னு தோணுச்சு" என்றார்.

செருப்பைத் தைத்தோம். ரப்பரில் ஊசியை இழுக்க என் கருவியின் பிளேயர் உதவியது. அந்தப் பயணத்தில் அது செய்த ஒரே வேலை அதுதான். பிறகு அம்மாவின் பையைத் தூக்கிப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கனம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்றால் இறக்கத்தில் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். கணவாயின் அடிவாரத்தில் அவர் முழங்கால் வீங்கியிருந்தது. ஓமலூர் வரை எப்படியோ வந்தார். அதற்குமேல் முடியவில்லை. அங்கிருந்து பஸ் ஏற்றினோம்.

நேர்ச்சை செய்தவர் பஸ்ஸில் போனார். துணைக்கு வந்தவள் நடந்து போனேன். வேளாங்கண்ணியில் அதைச் சொல்லி நான் அழுதபோது, "மாதா கணக்குப் பார்க்க மாட்டாள், கண்ணு" என்றார் அம்மா. நான் கணக்குப் பார்த்தேன். ஊர் திரும்பி எல்லாரிடமும் கேட்டு எழுதியதில், எட்டுப் பைகளில் ஆறு கத்தரிக்கோல் போயிருந்தன. காயத்துக்கு ஒட்டும் டேப் ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஃபோர்மேனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எடையைக் குறைக்க மூணே வழிம்மா. வேற உலோகத்துல பண்ணு, ஓட்டை போட்டு உள்ளே குடை, இல்லேன்னா அந்தப் பாகமே வேண்டாம்னு விடு. மூணாவதுதான் மலிவு" என்றார். அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியத்தில் கத்தி முனை நிற்காது. எனவே முனைக்கு எஃகு வேண்டும், மற்றதெல்லாம் குறையலாம்.

சிறு பாகங்களை நிறுக்கும் தராசில், உணவு இடைவேளையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மடக்குக் கருவி 240 கிராம். சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட பழக்கத்தி 28 கிராம். அதற்கு அட்டையில் உறை செய்தேன். பழம் நறுக்க, கயிறு அறுக்க, பொட்டலம் பிரிக்க அது போதும். கத்தரிக்கோலையும் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காலில் ஒட்டிய டேப்பைக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள், தெரியும்! ஆகவே குழந்தைகள் காகிதம் வெட்டும் மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்று. நூற்கண்டுக்குப் பதிலாகப் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து அதில் சில கஜம் சுற்றியாயிற்று. ஊசிகள் இரண்டு, ஒன்று துணிக்கு, இன்னொன்று செருப்புக்கான சாக்கு ஊசி. இரண்டும் ஸ்கெட்ச் பேனா மூடிக்குள் அடங்கின. ஊக்குகள் எட்டைப் பையின் வாரிலேயே குத்திவிட்டேன். ஈரத் துண்டைப் பையின் முதுகில் குத்திக்கொண்டு நடந்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும்.

ஊசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கொப்புளத்தில் ஊசி நூலைக் கோத்துவிட்டு நீரை வடிப்பது பெரியம்மாவின் வைத்தியம். நாமக்கல் அருகே முகாமில் இருந்த நர்ஸ் அதைப் பார்த்துக் கடிந்துகொண்டார். மேல்தோல் கிழியாதவரை கிருமி உள்ளே போகாது; நூல் அதற்கு வழி திறந்துவிடும் என்றார். கால் சூடு காணும்போதே டேப் ஒட்டிவிட்டால் கொப்புளமே எழாது. அந்த டேப்பையும் முழுச்சுருளாகக் கொண்டுபோகாமல் பென்சில் துண்டில் சுற்றிக்கொண்டோம்.

விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நெற்றியில் கட்டும் சிறு விளக்கு பேட்டரியோடு 80 கிராம். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். அதோடு எட்டுப் பைகளின் முதுகிலும் லாரிக்காரர்கள் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினேன். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தொப்பூரில் முந்தின ஆண்டு அதில்லாமல் நடந்ததை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

இந்த மும்முரத்தில் பல்துலக்கும் பிரஷின் காம்பைக்கூட அறுத்தேன். 6 கிராம் மிச்சம். வீட்டில் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் வைத்தார். அது ஒரு கிலோ.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், 1955-இல் தம் 67-ஆம் வயதில் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். முதுகுப்பைகூடக் கிடையாது. தாமே தைத்த துணிப்பை, சாதாரணக் கான்வாஸ் காலணி, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. அவரைப் பற்றிப் படித்தபின் என் மடக்குக் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

2023-இல் புறப்படுமுன் எட்டுப் பெண்களையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பைகளைக் கொட்டச் சொன்னேன். எட்டுப் பேருக்கு ஒரு கத்தரிக்கோல், இரண்டு கத்தி, மூன்று விளக்கு. எதை யார் சுமப்பது என்று பெயர் எழுதினோம். அம்மா பையில் கருவி எதுவும் இல்லை. அவரே கேட்டும் தரவில்லை. என் பை 4 கிலோ 100 கிராம். பெரியம்மாதான் வம்பு செய்தார். அவருடைய இரும்புப் பாக்குவெட்டியை விட மறுத்துவிட்டார். "சீவின பாக்கு பாக்கெட்டில் கிடைக்கிறதே பெரியம்மா, எதற்கு இந்த இரும்பு?" என்றேன். "உன் தராசை நீ தூக்கிட்டு வா, என் வெட்டியை நான் தூக்கிட்டு வரேன்" என்றார்.

அந்தப் பாக்குவெட்டி வழியெல்லாம் என் முகத்தில் கரி பூசியது. தேங்காய்ப் பத்தை நறுக்கியது. வேனின் கதவைக் கட்டியிருந்த கம்பியை நறுக்கென்று வெட்டியது. திருச்சிக்கு அப்பால் ஒருத்தியின் செருப்பு அறுந்தபோது, ரப்பரில் இறங்காத சாக்கு ஊசியை அதன் தடித்த முதுகால் அழுத்தித்தான் உள்ளே தள்ளினோம். பெரியம்மா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து, "எத்தனை கிராம்?" என்று கேட்பார்.

செப்டம்பர் 7 மாலை, அம்மா வேளாங்கண்ணிக்குள் நடந்தே நுழைந்தார். முழங்கால் இலேசாக வீங்கியிருந்தது; ஆனால் நடந்தார். கோபுரம் கண்ணில் பட்டதும் செபமாலையைக் கையில் எடுத்தவர், ஆலயப் படி மிதிக்கும்வரை யாரோடும் பேசவில்லை.

ஊர் வந்ததும் பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கித் தராசில் வைத்தேன். 185 கிராம். அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெரியம்மாவின் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டேன்.