பிழை எண் 319

பழைய ஆப்டெரான் சர்வர் ஒன்று ஆயர் தாவாரில் உள்ள என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2007-இல் வந்த பார்சலோனா தலைமுறை. லினக்ஸ் ஏற்றினேன், வெப்பம் படிக்கும் கே10டெம்ப் டிரைவர் மட்டும் ஏற மறுத்தது. கெர்னல் பதிவில் காரணம் இருந்தது: இந்தச் சிப்பின் உணரி நம்பத்தக்கதல்ல, கண்காணிப்பு கிடையாது.

கிளெமென்ஸ் லாடிஷ் 2009-இல் எழுதிய டிரைவர் அது. சாக்கெட் எஃப், ஏஎம்2+ சிப்கள் சிலவற்றில் உணரி தப்பாகக் காட்டலாம் என்று ஏஎம்டியே தன் பிழைப்பட்டியலில் 319-ஆம் எண்ணில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சிப்பின் பதிவேட்டில் வெப்ப எண் இருக்கத்தான் செய்கிறது. 11 பிட், படிக்கு 0.125 டிகிரி; எடுத்து 125-ஆல் பெருக்கினால் மில்லிடிகிரி. ஒரு வரி வேலை. அந்த வரியை ஓடவிடாமல் நின்றாரே, அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகையில் அந்த நேர்மையை நான் பார்த்ததில்லை. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, நுரையை வழித்துவிட்டு, கிராணி மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியை மெல்ல இறக்குவார். அது ஆடி அடங்கும்வரை வரிசையில் பேச்சிருக்காது. அளப்பது பாலின் அடர்த்தியை. கூலிக்கு வேண்டியதோ காய்ந்த ரப்பரின் எடை. ஒன்றிலிருந்து மற்றதை ஊகிக்க வேண்டும். மரத்தின் இனம், பருவம், பாலில் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும், எல்லாமே அந்த ஊகத்தை அசைக்கும். மாதிரிப் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, அழுத்தி, காயவைத்து நிறுத்தால்தான் சரியான கணக்கு. அதற்கெல்லாம் கொட்டகையில் யாருக்குப் பொழுது? மெட்ரோலக் காட்டிய எண் அப்படியே கூலிப் பதிவான செக்ரோலில் ஏறும். “இன்னிக்குப் பாலு நல்லாத்தான் இருந்துச்சு” என்று லயத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா சொல்வார். அதைக் கொட்டகையில் சொல்ல அவருக்கு வழியில்லை. அவருக்காகச் சந்தேகப்பட அந்தக் கருவிக்கும் தெரியாது.

கே10டெம்ப்பை வற்புறுத்தலாம். ஃபோர்ஸ்=1 என்று கொடுத்தால் ஏறும், அப்போதும் 319-ஐப் பார் என்று எச்சரித்துவிட்டுத்தான். ஒரு குறை உண்டு: சாக்கெட் எது என்றுதான் அதற்குத் தெரியும், சிப் எப்படிப்பட்டது என்று தெரியாது என்கிறது அதன் ஆவணம். ஏஎம்2+ பலகையில் உட்கார்ந்த நல்ல ஏஎம்3 சிப்பும் சந்தேகத்தில் மாட்டிக்கொள்ளும்.

வரும் எண்ணும் உண்மையான வெப்பமல்ல. குளிரூட்டலுக்காக ஏஎம்டி வகுத்த தனி அளவுகோல் அது. 70-ஐத் தொட்டால் விசிறி முழு மூச்சில் ஓடியாக வேண்டும். மத்தியான வெக்கையில் அறையே 32 டிகிரியில் புழுங்க, சும்மா கிடக்கும் சிப் அதற்கும் கீழே ஓர் எண்ணைச் சொல்வது அதனால்தான். ஆகவே 70-க்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கிறேன். ஹீட்சிங்க்கில் தனி உணரி ஒன்றையும் ஒட்டி, பெரிய கம்பைல் ஒன்றை ஓடவிட்டு, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று கவனிக்கிறேன். இதுவரை சேர்ந்தே ஏறுகின்றன. பிரிந்தால் ஃபோர்ஸை எடுத்துவிட்டு, விசிறியை முழு வேகத்தில் விட்டுவிடுவேன்.