தென்பெண்ணைக் கரையில் ஒரு சுற்று

திருக்கோவிலூர் போகிறவர்கள் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே பஸ் ஏறிவிடாதீர்கள். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் போங்கள். அங்கே முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரி மகளை மலையமானுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே ஒரு கல்லில் கபிலர் தீப்புகுந்ததை அது சொல்கிறது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்றுதானே நாம் படித்தது! ஆற்றுக்குள் இன்றும் நிற்கிறது கபிலர் குன்று: ஒற்றைப் பாறை, உச்சியில் குட்டிச் செங்கல் கோயில்.

அப்படியே ஜம்பைக்கும் ஒரு நடை. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு 'சத்தியபுத்திரர்' என்றும் ஒருவரைக் குறிக்கிறார். அது யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981-இல் ஜம்பைக் குன்றில் கிடைத்த ஒரே ஒரு வரித் தமிழி எழுத்து விடை சொன்னது: அதியமான் நெடுமான் அஞ்சி. கோவலூரை, அதாவது இந்தத் திருக்கோவிலூரை, வென்றவன் என்று சங்கப் பாடல் சொல்கிற அதே அஞ்சி!

என் ஆதங்கம் ஒன்றுதான். எத்தனையோ ஊர்களில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டு மேலேயே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் எழுத்து தெரிந்தால் முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கமென்ட்டில் போடுங்கள், சேர்ந்து படிப்போம்.