வாடிய செடிக்குத் தண்ணீர்



சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் நான் கொடுத்த ஓர் ஆலோசனையால், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரின் கத்தரித் தோட்டம் அழிந்துபோயிற்று. இதைப்பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, ஒவ்வொரு வாரமும் வேறு பொருளுக்குத் தாவிவிட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தாயார் கணவரை இழந்தவர். வீட்டின் பின்புறம் நாலைந்து சென்ட் நிலத்தில் 40 கத்தரிச் செடிகள் வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் ஒரே சிறு வாய்க்காலாக வரிசை வரிசையாகச் சுற்றிப் போகும். சந்தையில் காய் விற்ற பணந்தான் அவருடைய இரத்த அழுத்த மாத்திரைக்கும் விளக்கெண்ணெய்க்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் அவசரமாய் நின்றுகொண்டிருந்தபோது அருகில் வந்து, "ஐயா, நாலு செடி தலை தொங்கிப்போச்சு. இலை எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. என்ன செய்யட்டும்?" என்றார்.

"வெயில் கடுமையாக இருக்கிறது அம்மா. காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்" என்றேன்.

போதகர் இல்லத்துத் தோட்டத்தில் அந்த ஆண்டு எனக்கு நல்ல விளைச்சல். அந்தப் பெருமை என்னைக் கேள்வி கேட்கவிடாமல் செய்தது. ஒரு வாரங்கழித்து அவர், "பத்துச் செடி ஆச்சு ஐயா, பிடுங்கிப் போடட்டுமா?" என்று கேட்டார். அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. "பொறுங்கள், துளிர்க்கும்" என்றேன். சில வாரங்களுக்கு முன்புதான் லூக்கா 13ஆம் அதிகாரத்தின் கனியற்ற அத்திமரத்தைக் குறித்துப் பிரசங்கித்திருந்தேன். பொறுமையே அதன் பொருள் என்று நானே நம்பியிருந்தேன். இருபது நாளில் 31 செடிகள் போயின.

பிறகுதான், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். அவர் செடியைத் தொடுமுன் அந்தத் தாயாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மாலையில் நிமிர்கிறதா? மறுநாள் விடியற்காலையில் எப்படி இருந்தது? இலை முதலில் மஞ்சளானதா, பச்சையாகவே தொங்கியதா? முதற்செடி வாய்க்காலின் தலைப்பில் இருந்ததா, கடைசியிலா? பிறகு வாடத்தொடங்கிய ஒரு செடியின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி அசைக்காமல் பிடித்தார். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் நூல்போல வெண்மையாக இழைகள் இறங்கின.

அது பாக்டீரியா வாடல். மண்ணில் வாழும் நுண்ணுயிர் வேர்வழியே நுழைந்து தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. ஆகையால் மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் இலைக்கு எட்டாது. நோய் வேகமாகப் பரவுவதால் இலை மஞ்சளாவதற்கு முன்பே, பச்சையாகவே தொங்கிவிடும். குணப்படுத்தும் மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கிருமி பெருகும். பாயும் தண்ணீரோடு அடுத்த செடிக்கும் போகும். நான் காலையும் மாலையும் விடச்சொன்ன தண்ணீர்தான் வாய்க்கால்வழியே அதை வரிசை முழுவதற்கும் கொண்டுபோயிருக்கிறது. "இலை எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்று அந்தத் தாயார் முதல் நாளே நோயைச் சொல்லிவிட்டார். என் காதில்தான் விழவில்லை.

வாட்டம் என்பது ஒரே நோயன்று என்பதை அதன்பின்பே கற்றேன். நண்பகலில் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் பெரும்பாலும் பயமில்லை; மூடாக்குப் போட்டால் போதும். மண்ணைக் கிள்ளிப் பார்த்து ஈரம் இருந்தும் செடி தொய்ந்து அடியிலைகள் மஞ்சளானால், மிகுந்த தண்ணீரால் வேர் அழுகியிருக்கலாம். அங்கே மேலும் தண்ணீர் ஊற்றுவது கொல்லுவதாகும். நுனிக்கொழுந்து மாத்திரம் தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு. தொங்கிய நுனியைச் சற்றுக் கீழே கிள்ளி அழித்தால் செடி பிழைக்கும். செடி வளராமல் குன்றி, பகலில் வாடி வாடி எழும்பினால், ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்கவேண்டும். வேரே ஆங்காங்கே தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், அந்தப் பாத்தியில் செண்டுமல்லி நடுவதும் அதைக் குறைக்கும்.

இந்த முடிச்சு விஷயத்திலும் ஒருமுறை ஏமாற இருந்தேன். எங்கள் அவரைச் செடியின் வேரில் சிறு மணிகளைக் கண்டு, நூற்புழு என்று பயந்து கொடி முழுவதையும் பிடுங்கப்போனேன். பயறுவகைச் செடிகளின் வேர்மணிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொடுப்பவை. விரலால் தேய்த்தால் உதிரும். உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சோ வேரின் வீக்கம், தேய்த்தால் உதிராது. பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதில் ஒன்று நோய், மற்றொன்று ஊட்டம்.

மிளகாய் இலை சுருண்டால் எல்லாரும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகுபோல் வளைந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும். பின்னது பூச்சியினம் அன்று. ஆகையால் பூச்சிமருந்துகள் பலவும் அதனிடம் செல்லாது, நனையும் கந்தகமே கேட்கும். அதையும் உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தோல்போல் ஆவது நோயே அன்று. ஒருநாள் வெள்ளமும் மூன்றுநாள் வறட்சியுமாக நீர் விடுவதால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து ஒழுங்காய்ப் போய்ச்சேராத குறை அது. கடைக்காரர் தரும் பூஞ்சண மருந்து அங்கே வீண். வெண்டையில் நரம்பு மஞ்சளோடினால் தாமதமின்றிப் பிடுங்குங்கள். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

அத்திமரத்துக்கு வருகிறேன். தோட்டக்காரன் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டான் என்பதையே இத்தனை ஆண்டுகளாகப் பிரசங்கித்தேன். அவன் சும்மா தவணை கேட்கவில்லை. வேரைச் சுற்றிலும் கொத்துவதாகச் சொல்லுகிறான். மண்ணைத் திறக்காமல் எரு இடுவதாக அவன் சொல்லவில்லை. நானோ கொத்திப் பார்க்காமலே பொறுமையை மாத்திரம் அந்தத் தாயாரிடம் கொடுத்தனுப்பினேன். அந்தப் பாத்தியில் முதல் நாலு செடிகளை அன்றே பிடுங்கி, தண்ணீரை அந்த வரிசைக்கு நிறுத்தியிருந்தால் மற்றவற்றில் பல பிழைத்திருக்கும். பிடுங்கவேண்டிய இடமும் உண்டு என்பது என் பிரசங்கத்தில் இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர், "நீங்க என்ன செய்வீங்க ஐயா, வெயிலு அப்படி" என்று என் சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அது குத்தலா, ஆறுதலா என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. சில மாதங்கள் மாத்திரைச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் அதைக் கடன் என்றே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்காய்த் தங்கக்கூடியது. ஆகவே அந்த நிலத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஒன்றும் வைக்காமல் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் போட்டார். இந்த ஆண்டு, சுண்டைக்காய்ச் செடியின் வேர்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிய 12 கன்றுகளை வாங்கி நட்டோம். சுண்டையின் வேர் இந்த வாடலைத் தாங்கும். ஒட்டிய இடம் மண்ணுக்குமேல் இருக்கவேண்டும். மண் மூடினால் கத்தரி தன் சொந்த வேரை விட்டுப் பழைய ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் நானே முழங்காலிட்டுச் சரிபார்த்தேன்.

நேற்று நண்பகலில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரு கன்று தலை தொங்குகிறதாம். "தண்ணி ஊத்தட்டா ஐயா?" என்றார். ஊற்றவேண்டாம், இதோ வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். மண்ணில் ஈரம் இருந்தது. ஒட்டு மண்ணுக்குமேல்தான் இருந்தது. அவர் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு, வெயில் தாழும்வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.